ரெஜினா அத்தைக்கு வைத்த பூசை

எங்கள் வீட்டுக்கு ரெஜினா அத்தை வருஷத்துக்கு ஒருமுறைதான் வருவார். அதுவும் வெறும் பெயராக. நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, காலை ஆறு மணிப் பூசையில் பங்குச் சாமியார் குடும்பச் சீட்டுகளை வாசிப்பார். சீட்டின் ஒரு பக்கம் இறந்தவர்களுக்கு, மறுபக்கம் உயிரோடு இருப்பவர்களின் வேண்டுதலுக்கு. எங்கள் சீட்டின் மறுபக்கம் பெரும்பாலும் காலியாகவே போகும். முன்பக்கத்தில் தாத்தா சூசைமாணிக்கம், பாட்டி லூர்தம்மாள், கடைசியில் ரெஜினா. அந்தக் கடைசிப் பெயர் வரும்போது அப்பா தலையைக் குனிந்துகொள்வார்.

ரெஜினா, அப்பாவின் அக்கா. ரங்கூனில் பிறந்து, இருபது வயதில் காலராவில் போய்விட்டார் என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட கதை. அப்போது கடைகளையும் கம்பெனிகளையும் பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயம். மரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த தாத்தாவுக்கு வேலை போயிற்று. அத்தைக்குப் பூசை வைத்த கையோடு குடும்பம் கப்பலேறித் திருச்சிக்கு வந்துவிட்டது. அப்பாவுக்கு அப்போது பதினாலு வயது.

இப்போது எழுபத்தைந்து. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். அறுபது வருஷமாக ரங்கூனைப் பற்றி வாயே திறக்காத மனிதர், ஒருநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, "ஜெயா, அக்கா குழியிலேர்ந்து ஒரு பிடி மண் வேணும். என் பெட்டிக்குள்ள போடணும்," என்றார். தபால் ஆபீசில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் நான். விலாசம் இல்லாத கடிதத்துக்கு என்ன கதி என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்பா என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. அக்டோபர் கடைசியில் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

யாங்கோனில், அதாவது பழைய ரங்கூனில், இறங்கியதும் கைக்கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைக்க வேண்டும். அஞ்சு நாளைக்கு எதற்கு என்று அலட்சியமாக விட்டுவிட்டேன். அதன் பலனாக, மறுநாள் காலையில் நான் இட்லி நினைப்போடு விடுதியின் சாப்பாட்டு அறைக்குப் போனபோது மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆனால் முதல் அவமானம் அதற்கு முன்பே ஆகிவிட்டது. விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சி பாதி வழியில் நின்றது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. ஓட்டுநர் என்னைப் பார்த்து மன்னிப்பாக ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு இறங்கித் தள்ள ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மனசு வரவில்லை. என் தாத்தா குமாஸ்தாவாக நடமாடிய ஊரில் நான் செய்த முதல் வேலை டாக்சி தள்ளியது. பெட்ரோல் பங்க் வரிசை அடுத்த தெருவரை வளைந்து கிடந்தது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. திருச்சியில் சிக்னல் விழுந்து இரண்டு விநாடி தாமதித்தால் பின்னால் இருப்பவர் நம் பரம்பரையையே இழுப்பார். இங்கே அந்த அமைதி எனக்கு நல்லதாகப் படவில்லை.

கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. வருவதைக் கொண்டாடும் ஊரை நான் அங்கேதான் பார்த்தேன். நாள் முழுக்க நடைபாதையில் கடைக்குக் கடை ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சாயங்காலம் விளக்கு எரிந்ததும் தெரு மொத்தமும் "மீ லாபீ" என்று ஒரே குரலில் கத்தியது. கரண்ட் வந்தாச்சு என்று அர்த்தமாம். விடுதிக்குக் கீழே வெற்றிலைக் கடை வைத்திருந்த தமிழ் அம்மா சொன்னார். சொல்லிக்கொண்டே அவரும் செல்போனைச் சார்ஜில் செருக உள்ளே ஓடினார்.

சாப்பாட்டிலும் எனக்கு மூக்கு உடைந்தது. திருச்சியில் பர்மாவிலிருந்து வந்தவர்கள் போடும் அத்தோவை முப்பது வருஷமாகத் தின்று வளர்ந்தவள் என்ற திமிரில், தள்ளுவண்டிக்காரரிடம் "அத்தோ" என்று கேட்டேன். மனிதர் விழித்தார். நான் கையால் நூடுல்ஸைப் பிசைந்து காட்டினேன். பிசைந்து கொடுத்தார். புளிப்பு கூட, காரம் குறைவு, மேலே வறுத்த பூண்டு. நம் ஊர் அத்தோ இதன் ஒன்றுவிட்ட தங்கை மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் மீன் குழம்பில் அரிசி நூடுல்ஸ் மிதக்கும் மொஹிங்காவைச் சாப்பிட்ட பிறகு இட்லி நினைப்பு போய்விட்டது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் நாள் அப்பா ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குப் போனேன். கோயில் பெயரை மட்டும் அப்பா சரியாக வைத்திருந்தார். அலுவலகத்தில் உபதேசியார் ஊ சவரி இருந்தார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். சட்டைப்பையில் ஜெபமாலை, இடுப்பில் கட்டம் போட்ட லோஞ்சி. பெயருக்கு முன்னால் அங்கே வயதான ஆண்கள் போட்டுக்கொள்ளும் 'ஊ'. பெண்களுக்கு 'டோ'.

"வாங்கோ சயாமா, குந்துங்கோ," என்றார். சயாமா என்றால் டீச்சரம்மா. கண்ணாடி போட்ட பெண்களை எல்லாம் அப்படித்தான் அழைக்கிறார்கள். தமிழ் பேச ஆள் கிடைத்ததில் அவருக்கு என்னைவிடச் சந்தோஷம். "எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குத் தமிழ் விளங்கும், பேச வராது. பேசினா பதில் எல்லாம் பர்மாவுல வரும்," என்றார்.

பதிவேடுகளைப் பழைய லோஞ்சித் துணியில் சுற்றி வைத்திருந்தார். ஈரம் ஏறி, பக்கங்கள் அப்பளம் போல ஒட்டிக்கிடந்தன. எலும்புச் சீப்பு ஒன்றை நுழைத்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். தாத்தா கப்பலேறிய வருஷத்தின் அடக்கப் பதிவேட்டை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு முறை பார்த்தோம். ரெஜினா இல்லை. முந்தின வருஷமும் பார்த்தோம். இல்லை. பிறகு அவருக்கு ஏதோ தோன்றி, பூசைப் பதிவேட்டை எடுத்தார். அதில் இருந்தது. சூசைமாணிக்கத்தின் மகள் ரெஜினாவின் ஆத்துமத்துக்காகத் தும்பா வைத்துப் பாடிய பூசை.

தும்பா என்பது கறுப்புத் துணி போர்த்திய காலிப் பெட்டி. ஆள் வெளியூரில் இறந்து உடல் வராதபோது, அந்தக் காலத்தில் பீடத்துக்கு முன்னால் அதை வைத்துச் சுற்றிலும் மெழுகுதிரி ஏற்றுவார்கள்.

"மோல்மீன் ஊர்ல காலராவுல போச்சுன்னு எழுதியிருக்குது," என்று ஊ சவரி வாசித்தார். "அடக்கம் எங்கேன்னு போட்ட கட்டத்துல வெறுங்கோடு." கண்ணாடியைக் கழற்றி லோஞ்சியில் துடைத்தார். துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்தார். "சயாமா, கோவிச்சுக்கக் கூடாது. கப்பல் போன காலத்துல இப்படி ரெண்டொண்ணு நான் பார்த்திருக்கிறேன். பொண்ணு இங்கத்து ஆளைக் கட்டிக்கிச்சுன்னா, கூட்டிட்டுப் போகவும் முடியாது, விட்டுட்டு வந்தேன்னு ஊர்ல சொல்லவும் முடியாது. சாமியார்கிட்ட வந்து செத்துப்போச்சுன்னு சொல்லிடுவாங்கோ. அவருக்கு என்னா தெரியும். பூசை வச்சிடுவாரு."

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன். உடனே புரிந்தது. புரியாதது மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அவர் அடுத்து எடுத்தது ஞானஸ்நானப் பதிவேடு. பூசை வைத்து இரண்டு வருஷம் கழித்து ஒரு ஆண் குழந்தை. தகப்பன் கோ தெய்ன். தாய் ரெஜினா, சூசைமாணிக்கத்தின் மகள். விலாசம் அலோன், துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால். செத்து இரண்டு வருஷம் ஆன அத்தை பிள்ளை பெற்று, தண்ணீர் ஊற்ற அதே கோயிலுக்குத் தூக்கி வந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் தாத்தா மட்டும் முன்னால் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பேன் என்று தெரியாது. குழந்தைப் பருவம் முழுக்க, உயிரோடு இருந்த ஒருத்திக்காக நான் முழங்காலில் நின்றிருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அப்பா போனில், "மண்ணு கெடச்சுதா?" என்று கேட்டார். "தேடிட்டிருக்கேன்பா," என்றேன். பாவம், இந்த வயதில் இதை எப்படிச் சொல்வது என்று தூக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் அலோன். ஆற்றோரமாகக் கிடங்குகள், லாரிகள், முதுகில் மூட்டையோடு ஓடும் ஆட்கள். பதிவேட்டில் இருந்த வரிசை வீடுகள் இல்லை. அந்த இடத்தில் தகரவேலி போட்டு, உள்ளே புல் முளைத்துக் கிடந்தது. எதிரே ஒரு மளிகைக் கடை. கடைக்காரர் காதர் பாய், கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் குடும்பம், மூன்று தலைமுறையாக அதே இடத்தில் கடை. கோ தெய்ன் பெயரைச் சொன்னதும், "கிடங்கு கணக்குப்புள்ளையா? அவரு மௌத்தாகி ரொம்ப நாளாச்சே," என்றார். கோ தெய்ன் இறந்துவிட்டார். அவர் மனைவி ரெஜினா?

"டோ கின் மேயா? இருக்காவ. அவங்களுக்கு வேற பேரு இருக்குறது எனக்குத் தெரியாது. வீடு இடிச்சப்ப ஆத்துக்கு அந்தப் பக்கம் டாலாவுக்குப் போயிட்டாவ. படகுத்துறையில மருமக மா ரோசி சோளம் அவிச்சு விக்குது. கேட்டுப் பாருங்க." பிறகு குரலைத் தணித்து, "பேரன் விஷயம் கேட்டுக்காதிய. அவங்களா சொன்னாத்தான்," என்றார். எனக்கு ஒரு இஞ்சிச் சாயா கொடுத்துவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

நான்காம் நாள் டாலாவுக்குப் படகு. நகரத்துக்கும் டாலாவுக்கும் நடுவில் ஒரு ஆறுதான். ஆனால் இறங்கியதும் அறுபது வருஷம் பின்னால் போனது மாதிரி இருந்தது. கட்டடங்கள் முடிந்து மூங்கில் வீடுகள் ஆரம்பித்தன. ரோசியைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. கன்னத்தில் தனகா என்னும் மரப்பட்டைச் சாந்து, தலையில் துண்டு, முன்னால் ஆவி பறக்கும் அண்டா. நாற்பத்தைந்து வயது இருக்கலாம், அதற்கு மேல் களைப்பு. நான் யார் என்று சொன்னேன். அவர் அதிர்ச்சியைக் காட்டவில்லை. அண்டாவைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டு, தமிழிலேயே, "மாமிக்கு நெஞ்சு வலி இருக்கு. மெதுவாச் சொல்லுங்க," என்றார்.

பக்கத்தில் ஆளை உட்காரவைத்து மிதிக்கும் சைக்கிளை அங்கே சைக்கா என்கிறார்கள். இருவரும் ஒன்றில் ஏறினோம். முந்தின நாள் மழையில் பாதை குழம்பிக் கிடந்தது. பாதி தூரத்தில் சக்கரம் புதைந்தது. மறுபடியும் இறங்கித் தள்ளினேன். அந்த ஊரில் நான் ஏறியதை விடத் தள்ளியது அதிகம்.

வீடு கால் நட்டு உயர்த்திய மூங்கில் வீடு. கீழே தண்ணீர் தேங்கி நின்றது. பாயில் உட்கார்ந்து கிழவி ஒருவர் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அப்பாவின் காது, அப்பாவின் முகவாய். ரோசி பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். கிழவி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரு பொண்ணு நீ?"

"அருளானந்தம் பொண்ணு அத்தை. ஜெயா."

"அருளுக்கு இம்மாம் பெரிய பொண்ணா," என்றார். பிறகு மொச்சையை உரிக்கத் தொடங்கினார். நாலைந்து காய் உரித்த பிறகு, "எங்கம்மா எப்போ போனாங்கோ?" என்று கேட்டார்.

பாட்டி போய் முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது என்றேன். அத்தையின் கை நின்றது. "தொண்ணூத்தொன்பது வயசு ஆயிருக்கும்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். பூசைச் சீட்டுல உசுரோட இருக்கிறவங்க பக்கத்துலதான் இன்னிக்கி வரைக்கும் வச்சிருந்தேன். போனவங்களுக்கு ஒரு பூசை வைக்கலியே நான்." அழுகை சத்தமில்லாமல் வந்தது. மொச்சைத் தட்டை நான் நகர்த்தி வைத்தேன். எனக்கும் நிற்கவில்லை.

கொஞ்சம் தேறியதும், நான் எதற்கு வந்தேன் என்று கேட்டார். பொய் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது, உங்கள் கல்லறையிலிருந்து ஒரு பிடி மண் கேட்டார் என்றேன். அத்தை என்னை உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார். பல் இல்லாத, கசப்பான சிரிப்பு.

"மண்ணா? டாலாவுல அது ஒண்ணுதான் நெறைய இருக்கு, அள்ளிக்கிட்டுப் போ."

"அப்பாவுக்கு உண்மை தெரியாது அத்தை. பாவம், அவங்களும் நம்பிட்டாங்க."

"தெரியாதா?" என்றார். "அந்தப் பூசைக்கு மணி அடிச்சது யாரு?"

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கோ தெய்னோடு போய் மூன்று வாரம் ஆகியிருந்ததாம். நாளைக்கு உனக்குப் பூசை என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாளாம். நம்பாமல் போய்க் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் நின்றாராம். நடுவில் தும்பா, சுற்றிலும் ஆறு மெழுகுதிரி. முதல் பெஞ்சில் அவருடைய அப்பா, அம்மா. பீடத்துக்குக் கீழே பூசைக்கு உதவும் உடுப்பில் தம்பி. "சாமியார் நன்மை அப்பத்தைத் தூக்கிக் காட்டுற நேரம். அவன் மணியைக் கையில எடுத்துக்கிட்டுத் திரும்பினான். என்னைப் பார்த்தான். நல்லா பார்த்தான். கத்தப் போறான், அக்கான்னு ஓடி வரப் போறான்னு நெனச்சேன். எங்கப்பா ஒரு இருமல் இருமினாரு. அவன் திரும்பிக்கிட்டு மூணு தரம் அடிச்சான்."

தண்ணீரில் ஒரு வாத்துக் கூட்டம் வீட்டுக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போயிற்று. அறுபது வருஷம் அந்தக் கடைசிப் பெயருக்கு அப்பா தலை குனிந்தது எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாவம் என்று நான் தூக்கம் கெட்டதை நினைத்து அவர் மேல் ஆத்திரம் வந்தது. பதினாலு வயது என்றும் மனசு சொன்னது. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"பழைய சாமியார் மாத்தலாகிப் போற வரைக்கும் கோயில் வாசப்படி மிதிக்கல," என்றார் அத்தை. "செத்தவ எப்படிப் போறது?"

இதையெல்லாம் ரோசி சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சாப்பாடு போட்டார். புளிச்ச கீரைக் குழம்பும் ஙாபிச் சட்னியும். ஙாபி என்பது நம் கருவாட்டுக்கு அண்ணன். எச்சில் ஊறும், மூக்கு மறுக்கும். சாப்பிடும்போது சுவரில் ஒரு படம் கண்ணில் பட்டது. இருபத்துநாலு வயசு மதிக்கத்தக்க ஒருவர், மூட்டை தூக்குகிறவரின் தோள், சிரிப்பு மட்டும் சின்னப் பிள்ளையுடையது. காதர் பாய் சொன்னது நினைவு வந்து தட்டைப் பார்த்துக்கொண்டேன்.

ரோசியே சொன்னார். அவர் கணவர், அதாவது நான் பதிவேட்டில் பார்த்த அந்தக் குழந்தை, கொரோனா சமயத்தில் மூச்சு முட்டிப் போய்விட்டார். மிஞ்சியது படத்தில் இருந்த மகன் அந்தோணி ஒருவன்தான். அலோன் கிடங்கில் மூட்டை வேலை. "பட்டாளத்துக்குப் பேரு குலுக்கினாங்க. வந்துடுச்சு. கூட்டிட்டுப் போய் எட்டு மாசம். மொத ரெண்டு மாசம் போன் வந்துச்சு. அப்புறம் இல்லே. கூடப் போன பையனோட வீட்ல, அந்த லாரியில இருந்த யாரும் இல்லேன்னு சொல்றாங்க. யாருகிட்ட கேக்கறது? கேக்கறதுக்கே பயமா இருக்கு."

பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்தார். கோயிலில் கல்லறைத் திருநாளுக்குக் கொடுத்த சீட்டு. நம் ஊர்ச் சீட்டு மாதிரிதான், எழுத்து மட்டும் வட்ட வட்டமாகப் பர்மிய எழுத்து. மடித்து மடித்து நைந்திருந்தது.

"ஆறு நாளா எங்க ரெண்டு பேருக்கும் இதுதான் சண்டை," என்றார் ரோசி. "அவன் பேரைக் குடுக்கணும்கறேன். மாமி விட மாட்டேங்குது."

"உசுரோட இருக்கிறவனுக்குப் பூசை வைக்காதே," என்றார் அத்தை. "அது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நாளைக்கி அவன் வந்து தூணுகிட்ட நின்னான்னா?"

"வரலேன்னா?" ரோசி குரல் உயரவில்லை. "எந்தக் காட்டுல கெடக்கிறானோ. ஒரு குழி இல்லே, ஒரு சாமியார் இல்லே. பூசையும் இல்லாம கெடப்பானா? உங்கம்மாவை முப்பத்திரண்டு வருசம் உசுரோட இருக்கிறவங்க பக்கத்துல வச்சிருந்தீங்க. இப்ப அழுதீங்கல்ல. அந்த மாதிரி எம்பிள்ளைக்கு ஆகக் கூடாது."

  இவ்வளவு தூரம் வந்து, ரங்கூன் ரங்கூன் என்று பழைய கதையைத் தோண்டிக்கொண்டிருந்த எனக்கு, அந்த வீட்டில் கேட்கப்படும் கேள்வி என்னுடையது அல்ல என்பது உறைத்தது. பாட்டியின் சாவுச் செய்தியைக் கொண்டுவந்து அத்தையின் கையிலிருந்த ஒரே வாதத்தையும் பிடுங்கியவள் நான்தான்.

நான்கு மணிக்கு ரோசி கிளம்பச் சொன்னார். இரவு தங்கினால் விருந்தாளிக் கணக்கில் பேர் பதிய வேண்டும், விசாரணை வரும், இப்போது இந்த வீட்டுக்கு விசாரணை வேண்டாம் என்றார். கிளம்பும் முன் போனை எடுத்து, அப்பாவிடம் பேசுகிறீர்களா என்று அத்தையைக் கேட்டேன். அவர் என் கையைப் போனோடு சேர்த்துக் கீழே இறக்கினார்.

"பேசினா நான் அழுவேன், அவன் அழுவான். அதுல ஒண்ணும் ஆகாது. அவன் எனக்கு ஒரு வேலை செய்யட்டும்." ரோசியைப் பார்த்தார். "நீ உன் சீட்டுல செத்தவங்க பக்கத்துல எழுதிக்கோ. பெத்தவ நீ. நான் தடுக்கல." பிறகு என்னிடம், "உங்கப்பன் அவன் சீட்டுல மறுபக்கத்துல எழுதணும். பேரனோட முழுப் பேரு அந்தோணி மின் து. உசுரோட இருக்கிறவங்க பக்கத்துல. மணி அடிச்ச கையாலேயே எழுதச் சொல்லு," என்றார்.

ரோசி சீட்டைப் பாயில் விரித்து வைத்து எழுதினார். அத்தை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பேனா இரண்டு முறை எழுதாமல் போக, அதை உதறி உதறி எழுத வேண்டியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றது இந்தப் பயணத்திலேயே எனக்குக் கஷ்டமான நேரம்.

மண் எடுக்கவில்லை. படகில் உட்கார்ந்தபோது செருப்பு நிறைய அதுதான் ஒட்டியிருந்தது.

விடுதி இருட்டாக இருந்தது. ஆறரைக்கு மேல் தெரு "மீ லாபீ" என்று கத்தியது. போனைச் செருகி, இணைப்பு வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். எப்போதும் போல, "மண்ணு கெடச்சுதா?" என்றார்.

"மணி அடிச்சது நீங்கதானாப்பா?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டிவியை அப்பா நிறுத்தினார்.  

"வெள்ளைத் தாவணி," என்றார். "கடைசித் தூணுகிட்ட நின்னா. இருக்காளா?"

"இருக்காங்க."

அப்பா அழுது நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். செத்திருந்தால் மண் வரும், இருந்தால் நீ சொல்வாய், இருக்கிறாளா என்று என் வாயால் கேட்கிற தைரியம் மட்டும் கடைசிவரை வரவில்லை என்றார். நான் திட்டுவதற்கு என்று சேர்த்து வைத்திருந்த எதையும் திட்டவில்லை. அந்தோணியைப் பற்றிச் சொன்னேன். அத்தை கேட்டதைச் சொன்னேன். ரோசியின் சீட்டையும் மறைக்கவில்லை.

"இரு," என்றார். மேஜை இழுபட்டது. காகிதம் சரசரத்தது. அந்தக் கை டயாலிசிஸ் ஊசி ஏற்றி ஏற்றிப் புடைத்த கை, பேனா சரியாகப் பிடிக்க வராது. பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். ரொம்ப நேரம் ஆயிற்று.

"மொதல்ல அக்கா பேரு, அதுக்குக் கீழ பையன் பேரு. எழுதிட்டேன். முன்பக்கத்துல அவ பேரை எழுதாம விட்டுட்டேன்." பிறகு எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி நிறுத்தினார். "ஜெயா, அங்க பூசை எத்தனை மணிக்கு?"

"அங்கயும் காலையில ஆறு மணிதான்பா."

"அங்க ஆறுன்னா இங்க அஞ்சு," என்றார். "அவங்க செத்தவங்கள்ல வாசிச்சு ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் நாம வாசிப்போம். சாமியார் மறுபக்கத்தைக் கடைசியாத்தான் வாசிப்பாரு. அக்காகிட்ட அதைச் சொல்லிடு. கடைசியா அவனை வாசிக்கிறது உசுரோட இருக்கிறவங்க பக்கத்துலதான்."

மறுநாள் விமானத்துக்கு முன் படகுத்துறைக்குப் போய் ரோசியிடம் அதைச் சொன்னேன். அவர் சோளத்தை அண்டாவிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார். மாமியிடம் சொல்கிறேன் என்றார். பிறகு என் கையைப் பிடித்து, நான் மாற்றி வைக்காமலே திருச்சி நேரத்தில் விட்டிருந்த கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார்.